மெக்சிகோவைப் பிடித்தது 500 பேர்தானா? வெஷோட்சிங்கோ ஊர்க்காரர்கள் வரைந்து கொடுத்த கணக்கு

நிலவன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு வரி இத்தனை வருஷமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. எர்னான் கோர்தெஸ் 500 வீரர்களோடு போய் அஸ்தெக் பேரரசை வீழ்த்தினார் என்ற வரி. தலைநகர் தெனோச்தித்லானில் மட்டுமே லட்சம் பேருக்கு மேல் இருந்ததாகச் சொல்கிறார்கள். குதிரையும் துப்பாக்கியும் எவ்வளவு பயமுறுத்தினாலும் 500 பேர் எப்படிப் போதும்?

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. பிடித்தது ஒருபுறம் இருக்கட்டும். அதற்கப்புறம் 300 வருஷம் கடலுக்கு அப்பாலிருந்து எப்படி ஆண்டார்கள்? ஒரு கடிதம் போய்ப் பதில் வரவே மாதக்கணக்கில் ஆகும் காலம் அது. படித்தவர்கள் விளக்குங்கள்.

குமரிக்கரை

முதலில் எண்ணிக்கை. 1519 பிப்ரவரியில் கியூபாவிலிருந்து கிளம்பியபோது 11 கப்பல்கள், 500 சொச்சம் வீரர்கள், கூடவே 100 மாலுமிகள், 16 குதிரைகள். அதே வருஷம் நவம்பர் 8 அன்று தலைநகருக்குள் போனார்கள். போரிட்டுப் போகவில்லை, அஸ்தெக் அரசர் மொக்தெசுமா வரவேற்றுத்தான் உள்ளே போனார்கள். நகரம் வீழ்ந்தது 1521 ஆகஸ்ட் 13. நடுவில் 1520 ஜூன் 30 இரவு அடிபட்டு, பாதிக்கும் மேல் ஆட்களை இழந்து ஓடியிருக்கிறார்கள். ஆகவே "500 பேர் வீழ்த்தினார்கள்" என்பதில் 500 என்ற எண்ணும் சரியில்லை, வீழ்த்திய கதையும் சரியில்லை.

அக்னிபுத்ரன்

பெரியம்மையை விட்டுவிட்டீர்கள். 1520இல் நகருக்குள் புகுந்து அரசர் குயிட்லாவாக்கையே கொண்டுபோனது. மொக்தெசுமாவுக்கு அடுத்து வந்தவர் அவர், ஆட்சி செய்தது 80 நாள் அளவுதான்.

கொலைகளையும் மறக்க வேண்டாம். 1519 அக்டோபரில் சோலுலா நகரில் நடந்தது. 1520 மே மாதம் கோவில் திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்தவர்களை வாயில்களை அடைத்துவிட்டு வெட்டினார்கள். கோர்தெஸின் துணைத்தளபதி பெத்ரோ தெ அல்வராதோ கொடுத்த உத்தரவு அது. இதற்கெல்லாம் முன்பே, 1513இல், ஓர் அறிவிப்பைச் சட்டமாக எழுதி வைத்துவிட்டார்கள். போருக்கு முன் அதை உரக்கப் படிக்க வேண்டும்: போப்பாண்டவர் இந்த நிலத்தை ஸ்பெயின் அரசருக்குக் கொடுத்துவிட்டார், அடங்குங்கள், அடங்காவிட்டால் வரும் சாவுக்கு நீங்களே பொறுப்பு. கேட்பவர்களுக்கு ஸ்பானிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. அப்படிப் படித்துவிட்டால் போர் நியாயமாகிவிட்டதாம். எனக்கு இந்த வரலாற்றில் முதலில் தெரிவது இதுதான்.

பழையதாள்

நிலவன் தம்பி, நல்ல கேள்வி. 26 வருஷம் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் பழைய கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். அதனாலோ என்னவோ, இந்த வரலாற்றில் எனக்கு வாளைவிடத் தாள்கள்தான் கண்ணில் படுகின்றன. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோர்தெஸ் கிளம்பியதே சட்டத்துக்குப் புறம்பாக. கியூபாவின் ஆளுநர் தியேகோ வெலாஸ்கெஸ் அவரை அனுப்பினார், பிறகு மனம் மாறித் திரும்பக் கூப்பிட்டார், கோர்தெஸ் கேட்காமல் கப்பலேறினார். கரையில் இறங்கியதும் செய்த முதல் காரியங்களில் ஒன்று, வெராகுருஸ் என்று ஓர் ஊரை அறிவித்து, தன் ஆட்களையே அதற்கு நகரசபையாக்கியது. வீடுகள் எழும்பும் முன்பே சபை வந்துவிட்டது. அந்தச் சபை கோர்தெஸைத் தளபதியாக நியமித்து, நேராக அரசருக்குக் கடிதம் எழுதியது. ஸ்பானிய மரபில் ஊர்சபை அரசரோடு நேரடியாகப் பேசலாம். அந்த வழியைப் பிடித்துக்கொண்டு ஆளுநரை ஓரங்கட்டிவிட்டார். இந்தக் காகித வேலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதையே வேறு ஆட்கள் கையில் எடுக்கப்போகிறார்கள்.

சரி, போருக்கு வருவோம். மேட்டுநிலத்தில் தெனோச்தித்லானுக்குப் பணியாத நாடு த்லஷ்கலா. முதலில் அவர்கள் ஸ்பானியரோடு மோதினார்கள், 1519 செப்டம்பரில் கடுமையான சண்டை. அப்புறம் கூட்டு சேர்ந்தார்கள். பக்கத்திலிருந்த வெஷோட்சிங்கோவும் சேர்ந்தது. அடிபட்டு ஓடிவந்த ஸ்பானியருக்குச் சோறு போட்டுக் காயம் ஆற்றியது த்லஷ்கலா. அவர்கள் அன்று கையை விரித்திருந்தால் கோர்தெஸின் கதை அந்த மலையடிவாரத்திலேயே முடிந்திருக்கும்.

தெனோச்தித்லான் ஏரிக்கு நடுவில் இருந்த நகரம். படகில்லாமல் பிடிக்க முடியாது. த்லஷ்கலாவில் 13 சிறு கப்பல்களுக்கு மரம் அறுத்தார்கள். கழற்றிய பலகைகளைத் தலைச்சுமையாக மலை தாண்டித் தெஷ்கோகோ ஏரிக்கரைக்குக் கொண்டுவந்தார்கள், வழி நெடுகக் காவலும் அவர்களே. கரையிலிருந்து ஏரிக்கு வாய்க்கால் வெட்டியதும் உள்ளூர் ஆட்கள்தான். முற்றுகையில் ஸ்பானியர் ஏறக்குறைய 900 பேர், கூட்டாளிகள் பல்லாயிரம். பகலில் அகழியைத் தூர்த்ததும் இடித்த வீட்டின் கல்லைச் சுமந்ததும் அந்தப் பல்லாயிரம் பேர். 500 பேர் கதை அவர்களைத்தான் மறைக்கிறது.

நிலவன்

நன்றி ஐயா. ஆனால் படிக்கப் படிக்க ஒரு கேள்வி வருகிறது. அப்படியானால் த்லஷ்கலாவும் வெஷோட்சிங்கோவும் சொந்த மக்களைக் காட்டிக்கொடுத்தவர்கள்தானே?

சாந்தி டீச்சர்

நிலவன், "சொந்த மக்கள்" என்று நாம் இன்று சொல்கிறோம். அவர்களுக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை. "இந்தியர்" என்ற பொதுப்பெயர் ஸ்பானியர் கொண்டுவந்து ஒட்டியது. அவர்களுக்கு நாடு என்பது அல்தெபெட்டில். நாவாட்டில் மொழியில் தண்ணீர், மலை என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து வந்த பெயர். தனக்கென்று அரசர், கோவில், நிலம், நினைவு எல்லாம் உள்ள ஊர்நாடு. த்லஷ்கலாக்காரருக்குத் தெனோச்தித்லான் தங்களைப் பல தலைமுறையாக நெருக்கிவந்த எதிரி. உப்பும் பருத்தியும் உள்ளே வராமல் தடுத்தவர்கள் அவர்கள். 1521இல் தங்கள் பழைய போரைத்தான் முடித்தார்கள், புதிதாகச் சேர்ந்தவர்களின் துணையோடு. கூடவே என்ன வந்து உட்காரப்போகிறது என்று யாருக்கும் அன்று தெரியாது.

கோர்தெஸுக்கு மொழிபெயர்த்த மலின்ட்சின் என்ற பெண்ணையும் துரோகி என்கிறார்கள். அந்தப் பெண்ணை விற்றவர்கள் யார்? 1519இல் தபாஸ்கோ கரையில் தோற்றவர்கள் ஸ்பானியருக்குக் கொடுத்த 20 பெண்களில் ஒருத்தி அவள். நாவாட்டிலும் மாயாவும் தெரியும். கப்பல் உடைந்து மாயர்களிடம் பல வருஷம் கிடந்த ஹெரோனிமோ தெ அகிலாருக்கு மாயாவும் ஸ்பானியமும் தெரியும். மொக்தெசுமாவின் பேச்சு இவள் வாய் வழியாக அகிலாருக்குப் போய், அகிலார் வாய் வழியாகக் கோர்தெஸுக்குப் போகும். கொஞ்ச நாளில் அவளே ஸ்பானியம் கற்றுக்கொண்டாள். எந்த ஊரும் தன் பிள்ளை என்று காப்பாற்றாத ஒருத்தியிடம் போய் நாட்டுப்பற்று கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

குமரிக்கரை

டீச்சர் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். பழையதாள் ஐயா, ஆட்சி விஷயத்தை எழுதுங்கள். ஊர்களை வீரர்களுக்குப் பங்கு போட்டார்களாமே, ஜமீன் மாதிரியா?

பழையதாள்

ஜமீன் இல்லை குமரிக்கரை. பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். எங்கோமியெந்தா என்பது நிலம் கொடுக்கும் ஏற்பாடு இல்லை. ஓர் ஊரின் மக்களை ஒருவருடைய பொறுப்பில் விடுவது. அவர்களிடமிருந்து கப்பமும் வேலையும் வாங்கிக்கொள்ளலாம், பதிலுக்குக் காக்க வேண்டும், கிறிஸ்தவம் போதிக்க வேண்டும். நிலம் காகிதத்தில் ஊருடையதாகவே இருந்தது. வாங்குவதற்கு அளவில்லை, கொடுப்பதைக் கேட்க ஆளில்லை. கரீபியன் தீவுகளில் இதே ஏற்பாடு மக்களை அழித்தது. 1511 டிசம்பரில் சாந்தோ தொமிங்கோவில் அந்தோனியோ தெ மொந்தெசினோஸ் என்ற துறவி, எதிரில் உட்கார்ந்திருந்த எஜமானர்களைப் பார்த்தே "இவர்கள் மனிதர்கள் இல்லையா?" என்று பிரசங்கத்தில் கேட்டார்.

வெஷோட்சிங்கோ கோர்தெஸின் பங்கில் வந்தது. 1528இல் கோர்தெஸ் அரசரைப் பார்க்க ஸ்பெயினுக்குப் போனார். அந்த நேரம் மெக்சிகோவை ஆள வந்தது முதல் அவுதியென்சியா. நீதிமன்றமும் ஆட்சிக்குழுவும் ஒன்றாய் இருக்கும் அமைப்பு அது. தலைவர் நூன்யோ தெ குஸ்மான். அரசர் கோர்தெஸைக் கட்டுப்படுத்த அனுப்பிய ஆள். வந்தவர் கோர்தெஸைவிட மோசம். மேற்கே இருந்த மிச்சோவகான் நாட்டு அரசரை 1530இல் சித்திரவதை செய்து கொன்றவர் இவர்தான். மெக்சிகோவின் ஆயர் சுமார்ராகா 1529இல் இவர்களைப் பற்றி அரசருக்குக் கடிதம் எழுதினார். கடிதங்களைக் குஸ்மானின் ஆட்கள் மறித்துப் பிடுங்கிக்கொண்டிருந்ததால் அதை மறைத்துத்தான் கப்பலேற்ற வேண்டியிருந்தது.

இப்போது தாளுக்கு வருகிறேன். கோர்தெஸ் திரும்பி வந்து, தன் ஊரிடமிருந்து குஸ்மான் கூட்டம் அநியாயமாக வாங்கியதற்கு வழக்குப் போட்டார். இரண்டாவது அவுதியென்சியா 1531இல் விசாரித்தது. வெஷோட்சிங்கோ ஆட்கள் சாட்சி சொல்ல வந்தார்கள், கையில் 8 தாள்களோடு. அத்தி வகை மரப்பட்டையைத் தட்டிச் செய்யும் அமாட்டில் தாளும் கற்றாழை நார்த் தாளும். அவற்றில் படங்கள். மூலம் இப்போது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது, இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

பார்க்கும்போது எண்ணும் முறை தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் கணக்கு இருபது இருபதாகப் போகும். ஒரு கொடி வரைந்தால் 20. மயிர்க்கற்றை அல்லது இறகு போன்ற குறி 400. சாம்பிராணி வைக்கும் பை போன்ற குறி 8,000. பொருளின் படத்தை வரைந்து, அதன் மேல் இந்தக் குறிகள். மக்காச்சோளம், வான்கோழி, வற்றல் மிளகாய், அவரை, நெய்த துணி, செங்கல், சுண்ணாம்பு, மரம். என்ன கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம். ஓர் ஊர் தன் வயிற்றில் அடித்து வாங்கப்பட்டதை வரிசையாக வைத்திருக்கிறது. பதிவறையில் எத்தனையோ கணக்கு பார்த்தவன் நான். இதைப் பார்த்தபோது என் கை நடுங்கியது.

ஒரு தாளில் குழந்தையை ஏந்திய மாதா. குஸ்மான் மேற்கே படையெடுத்துப் போகும்போது முன்னால் தூக்கிக்கொண்டு போகத் தங்கத்தாலும் இறகாலும் ஒரு மாதா கொடி செய்யச் சொன்னார். தங்கத்துக்கு வழியில்லை. ஊர் 20 பேரை அடிமைகளாக விற்றது. அந்த ஆண்களும் பெண்களும் மாதாவின் படம் உள்ள அதே தாளில், சோளத்தையும் துணியையும் போலவே, தலை தலையாக வரையப்பட்டிருக்கிறார்கள்.

அக்னிபுத்ரன்

ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் இங்கே நான் நிறுத்தியாக வேண்டும். இந்த வழக்கு யாருடையது? கோர்தெஸுடையது. தனக்கு வர வேண்டியதை வேறொரு ஸ்பானியன் பிடுங்கிக்கொண்டான் என்று போட்ட வழக்கு. ஊர்க்காரர்கள் அதில் சாட்சிகள்தான். ஒரு திருடன் இன்னொரு திருடன்மேல் கொடுத்த புகாருக்கு, பறிகொடுத்தவனைச் சாட்சிக்கூண்டில் ஏற்றியதை நாம் நீதி என்று சொல்லக் கூடாது.

இன்னொன்று. விற்கப்பட்ட அந்த 20 பேர் யார்? ஊர்ப் பெரியவர்களின் பிள்ளைகளா? இருக்காது. அந்தத் தாளை வரையச் சொன்ன பிரபுக்களே கீழே இருந்தவர்களை விற்றிருப்பார்கள். "ஊர்" என்று ஒரே சொல்லில் நீங்கள் சொன்னதற்குள் விற்றவனும் இருக்கிறான், விற்கப்பட்டவளும் இருக்கிறாள்.

பழையதாள்

நீங்கள் சொன்ன இரண்டும் சரி. இரண்டாவது விஷயத்தை நானே எழுதியிருக்க வேண்டும்.

முதல் விஷயத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை. வழக்கு கோர்தெஸுடையதுதான். ஆனால் அது ஸ்பெயின் வரை போய், 1538இல் அரசர் கார்லோஸ் கொடுத்த தீர்ப்பு என்ன? வாங்கிய கப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கை வெஷோட்சிங்கோ மக்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது. அதே வருஷம் குஸ்மானும் ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்டுவிட்டார். இதை நான் நீதி என்று கொண்டாடவில்லை. நிலவன் முதலில் கேட்டாரே, கடலுக்கு அப்பாலிருந்து எப்படி ஆண்டார்கள் என்று, அதற்குப் பதில் இங்கே இருக்கிறது. வென்ற வீரர்கள் மெக்சிகோவில் குட்டி அரசர்களாகிவிடுவார்கள் என்று ஸ்பெயின் அரசருக்குப் பயம். தூரத்திலிருக்கும் அவருக்கு அங்கே கண் வேண்டும். யார் வேண்டுமானாலும் யார்மேல் வேண்டுமானாலும் புகார் எழுதலாம் என்று விட்டுவைத்தால் அந்தக் கண் கிடைத்துவிடும். ஆயர் அவுதியென்சியாமேல் எழுதினார், அவுதியென்சியா கோர்தெஸ்மேல் எழுதியது, 1535இல் வைஸ்ராயாக வந்த அந்தோனியோ தெ மெந்தோசாமேலும் எழுதினார்கள். பதவி முடிந்ததும் அதிகாரியை ஊரிலேயே நிறுத்தி, குறையுள்ளவர்கள் வந்து சொல்லலாம் என்று விசாரிக்கும் முறையும் இருந்தது. ரெசிதென்சியா என்று பெயர். அமெரிக்க நாடுகளின் ஆட்சியைக் கவனிக்க ஸ்பெயினில் 1524இல் அமைத்த இந்தியக் கவுன்சிலின் மேசையில் இதெல்லாம் வந்து குவிந்தது.

அரசர் தன் நலத்துக்காகத் திறந்து வைத்த அந்த ஜன்னலுக்குள் வெஷோட்சிங்கோக்காரர்கள் கையை விட்டார்கள். நான் பார்ப்பது அந்தக் கையைத்தான்.

யாழ்நதி

இழையைத் தொடக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டு வருகிறேன். பெருவிலும் இதே போன்ற ஒன்று நடந்தது, அதை இங்கே சேர்க்க வேண்டும்.

ஆந்தீஸ் மலையில் ஹௌஹா பள்ளத்தாக்கின் வங்கா மக்கள் இன்காக்களை எதிர்த்து ஸ்பானியரோடு சேர்ந்தவர்கள். 1533இலிருந்தே, பெருவைப் பிடித்த பிரான்சிஸ்கோ பிசாரோவின் படைக்குச் சாப்பாடு, லாமா என்ற சுமை விலங்கு, துணி, சுமை தூக்க ஆள் எல்லாம் கொடுத்தார்கள். அவர்களுக்கு எழுத்து இல்லை, கிப்பு இருந்தது. முடிச்சுப் போட்ட கயிறுகள். கொடுத்ததையெல்லாம் முடிச்சில் பதிந்து வைத்தார்கள். ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து, 1558 முதல் 1561 வரை, அந்தக் கயிறுகளை லிமாவின் அவுதியென்சியாவுக்கு எடுத்துப்போய், முடிச்சை வாசித்து வாசித்துக் கணக்குச் சொன்னார்கள். எழுத்தர் ஸ்பானியத்தில் எழுதிக்கொண்டார். படைகள் வழியில் கொள்ளையடித்தவையும் அதில் இருந்தன. கொடுத்ததையும் பறிபோனதையும் அவர்கள் தனித்தனியாக வைத்திருந்தார்கள் என்பது எனக்கு இப்போதும் வியப்பு.

அந்தக் காலத்தில்தான் பெருவின் எங்கோமியெந்தாக்காரர்கள், மக்களைத் தங்களுக்கு நிரந்தரமாகவே தந்துவிடும்படி அரசர் இரண்டாம் பிலிப்பேயிடம் பெரும் பணம் பேசினார்கள். பிலிப்பேக்குக் கடன் தலைக்கு மேலே இருந்த நேரம். 1560இல் பெருவின் ஊர்த்தலைவர்கள், பார்தொலொமே தெ லாஸ் காசாஸ், தொமிங்கோ தெ சாந்தோ தோமாஸ் என்ற இரண்டு துறவிகள் மூலமாக அரசருக்குச் சொல்லி அனுப்பியது: அவர்கள் எவ்வளவு தந்தாலும் அதற்கு மேல் 1,00,000 துக்காத் தங்கக்காசு நாங்கள் தருகிறோம், எங்களை விற்க வேண்டாம்.

இந்தக் கதை எங்களுக்கு அவ்வளவு தூரம் இல்லை. 1580இலிருந்து 1640 வரை போர்த்துகலுக்கும் ஸ்பெயினுக்கும் ஒரே அரசர். 1619இல் போர்த்துக்கீசர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோது அவர்கள் யாருடைய பெயரில் ஆண்டார்களோ, அதே அரசரின் பெயரில்தான் மெக்சிகோவும் பெருவும் ஆளப்பட்டன. காணி விஷயத்தில் எங்கள் பெரியவர்கள் "தோம்பில் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். தோம்பு என்ற அந்தப் பதிவேட்டுச் சொல்லே போர்த்துக்கீசம்.

குமரிக்கரை

யாழ்நதி, தோம்பு போர்த்துக்கீசச் சொல் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். நன்றி.

அந்தத் தாளில் வரைந்திருக்கும் வற்றல் மிளகாயும் போர்த்துக்கீசர் கப்பலில்தான் நம் பக்கம் வந்தது. மிளகைத் தெரிந்தவர்கள் வைத்த பெயர், மிளகாய். நம் அடுப்படிக்கு அது வந்து சேர்வதற்கு வெகுகாலம் முன்பே அந்த ஊர்க்காரர்கள் அதைக் கப்பமாகக் கட்டியிருக்கிறார்கள்.

அக்னிபுத்ரன்

1,00,000 துக்காத் விஷயம் படித்துவிட்டு வெகுநேரம் எழுதத் தோன்றவில்லை. தன்னைத் தானே ஏலத்தில் எடுக்க வேண்டிய நிலை.

ஆனால் ஜன்னல் என்று பழையதாள் ஐயா சொன்னாரே, அதே ஜன்னல் வழியாக வந்த இன்னொரு உத்தரவையும் சொல்கிறேன். பொதோசி. 1545இல் வெள்ளி கண்டுபிடித்த மலை, இன்றைய பொலிவியாவில். 1573இல் வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ அங்கே மித்தா முறையை ஏற்படுத்தினார். இன்கா காலத்தில் ஊர்கள் முறைவைத்துப் பொதுவேலை செய்த வழக்கத்தின் பெயரை எடுத்துச் சுரங்கத்துக்கு வைத்துக்கொண்டார். 16 மாகாணங்களிலிருந்து வளர்ந்த ஆண்களில் ஏழில் ஒரு பங்கு, வருஷத்துக்கு 13,500 பேர் அளவில். மனைவி மக்களோடு, லாமாக்களில் சோறு மூட்டையைக் கட்டிக்கொண்டு, சில ஊர்களிலிருந்து மாதக்கணக்கில் நடந்து போக வேண்டும். கூலி உண்டு என்று சட்டம் சொன்னது. அந்தக் கூலி சாப்பாட்டுக்கே காணாது. போனவர்களில் பலர் திரும்பவில்லை, சிலர் ஊருக்குத் திரும்பினால் மறுபடி முறை வரும் என்று வேறு ஊர்களில் அந்நியர்களாகவே தங்கிவிட்டார்கள்.

இதுவும் தாளில் எழுதி முத்திரை வைத்து நடந்ததுதான். 1542இல் நல்ல சட்டமும் வந்தது, மறுக்கவில்லை. இந்தியர்களை அடிமையாக்கக் கூடாது, எங்கோமியெந்தா வாரிசுக்குப் போகாது என்று. பெருவில் அதை அமலாக்கப் போன வைஸ்ராய் பிளாஸ்கோ நூன்யெஸ் வேலாவை, பிரான்சிஸ்கோ பிசாரோவின் தம்பி கொன்சாலோ பிசாரோவின் படை 1546இல் கொன்றது. மெக்சிகோவில் சண்டையே இல்லாமல் நிறுத்தி வைத்தார்கள். வாரிசு விதியை 1545இலேயே அரசர் திரும்பப் பெற்றுவிட்டார். பணக்காரனுக்கு எதிரான சட்டம் மூன்று வருஷத்தில் போனது, மித்தா 1812 வரை இருந்தது.

சாந்தி டீச்சர்

அக்னிபுத்ரன் சொன்னதில் ஒன்றையும் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் சுரங்கத்தையும் வழக்கையும் தவிர நடுவில் ஒரு சாதாரண வாழ்க்கையும் இருந்தது, அதையும் பார்க்க வேண்டும்.

த்லஷ்கலா தன் நகரசபைக் குறிப்புகளை நாவாட்டில் மொழியிலேயே எழுதி வைத்தது, ஸ்பானிய எழுத்தில். 1547 முதல் 20 வருஷத்துக் குறிப்புகள் இருக்கின்றன. நாலு பகுதிகளும் முறை வைத்து ஆளுநர் பதவியைப் பகிர்ந்துகொண்டன. 1553 மார்ச்சில் நடந்த ஒரு கூட்டத்தில் பிரபுக்கள் உட்கார்ந்து குறைபடுகிறார்கள். எதைப் பற்றி? சப்பாத்திக்கள்ளியில் வளரும் சிவப்புச் சாயப்பூச்சியைப் பற்றி. ஐரோப்பாவில் அந்தச் சாயத்துக்கு நல்ல விலை. குடியானவர்கள் எல்லோரும் கள்ளி வளர்க்கப் போய்விட்டார்களாம், சோள நிலம் புல் மண்டிக் கிடக்கிறதாம், கையில் காசு வந்ததும் கொக்கோவும் கள்ளும் வாங்கிக் குடிக்கிறார்களாம், பெரியவர்களை மதிப்பதில்லையாம். விற்கும் பெண்களையும் விட்டுவைக்கவில்லை.

வெற்றி நடந்து 32 வருஷம் ஆன ஓர் ஊரின் பேச்சு இது. பெரிய கொள்ளைநோய் வேறு இரண்டு முறை வந்து போயிருந்தது, 1545இல் வந்தது முதலாவதைவிடக் கொடியது. அத்தனைக்கும் நடுவில் யாரோ ஒரு குடியானவப் பெண் பூச்சியைச் சுரண்டி உலர்த்திச் சந்தையில் விற்று, பிரபுவின் முன்னால் தலை நிமிர்ந்து நின்றிருக்கிறாள். மாதா தாளில் விற்கப்பட்டவர்களைப் பற்றி நீங்கள் கேட்டீர்களே, அவர்கள் வகையினரை நான் கண்டது இந்தக் குறிப்பில்தான். அதுவும் எஜமானர்களின் புகாராக.

பிறகு வழக்குகள் மிக அதிகமாகி, 1592இல் மெக்சிகோவில் இந்தியர்களுக்கென்றே தனி நீதிமன்றம் வைத்தார்கள். தனித்தனியாகக் கட்டணம் இல்லை, கப்பம் கட்டும் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு அரை ரியால் வெள்ளிக்காசு கொடுத்தால் போதும்.

நிலவன்

கேள்வி கேட்டபோது இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. "காட்டிக்கொடுத்தவர்கள்" என்று எழுதியதை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பழையதாள் ஐயா, ஒன்று மட்டும் தெரிய வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு திரும்பக் கிடைக்க வேண்டும் என்று தீர்ப்பு வாங்கினார்களே, வெஷோட்சிங்கோ அப்புறம் என்ன ஆனது?

பழையதாள்

தம்பி, அதற்கும் ஒரு தாள் இருக்கிறது. 1560 ஜூலை 30 தேதியிட்ட கடிதம். வெஷோட்சிங்கோ சபை இரண்டாம் பிலிப்பேக்கு எழுதியது. படம் இல்லை, நாவாட்டிலை ஸ்பானிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். துறவிகளிடம் எழுத்துக் கற்ற தலைமுறை வந்துவிட்டது.

மரியாதை கடல் போல வருகிறது. உங்கள் பாதத்தை முத்தமிடுகிறோம், நாங்கள் ஏழைகள், தூரத்திலிருந்து அழுகிறோம் என்றெல்லாம். அந்த மொழியில் பெரியவர்களோடு பேசும் முறையே அது. அப்புறம் விஷயத்துக்கு வருகிறார்கள். யாரும் எங்களை மிரட்டவில்லை, நாங்களாகவே உங்களிடம் வந்தோம். மெக்சிகோ போரில் உங்கள் ஆட்களுக்குச் சோறு போட்டோம், காயம்பட்டவர்களைத் தோளில் சுமந்தோம். கப்பல் கட்ட மரமும் கீலும் கொடுத்தது நாங்கள். மிச்சோவகானுக்கும் ஹலிஸ்கோவுக்கும் குவாத்தமாலாவுக்கும் படைக்கு ஆள் அனுப்பினோம். த்லஷ்கலாவுக்கு மட்டும் இவ்வளவு சலுகை ஏன்? அங்கே மதம் ஏற்க மறுத்த பிரபுக்களைத் தூக்கில் போட்டீர்கள், எரித்தீர்கள். எங்களில் ஒருவரையும் அப்படிச் செய்ய வேண்டி வந்ததில்லையே.

கோர்தெஸையும் நினைத்துக்கொள்கிறார்கள். அவர் காலத்தில் கப்பம் அளவாக இருந்ததாம், தங்கம் கொஞ்சமாகக் கொடுத்தாலும் மட்டமாக இருந்தாலும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாராம். அக்னிபுத்ரன், இந்த இடத்தில் உங்களுக்குக் கோபம் வரும், எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. 1560இல் அவர்களுக்கு வந்திருந்த நிலை அப்படி, பழைய எஜமானனே நல்லவனாகத் தெரிந்திருக்கிறான்.

புதிதாகப் போட்ட கப்பம் 14,800 பெசோ. அதோடு அதே எண்ணிக்கையில் பனேகா மக்காச்சோளமும். பனேகா என்பது ஸ்பானியரின் தானிய அளவை, ஏறக்குறைய ஒரு மூட்டை. நோயில் ஆட்கள் செத்துக் குறைந்துகொண்டிருந்த ஊருக்கு இது. இப்படியே போனால் சில வருஷத்தில் உங்கள் வெஷோட்சிங்கோ முழுதாக அழிந்துபோகும் என்று எழுதியிருக்கிறார்கள்.

அக்னிபுத்ரன்

கோபம் வரவில்லை ஐயா. அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

நிலவன்

இப்போதுதான் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் மாதா தாளைத் திறந்து வைத்திருக்கிறேன். தலைகள் தெரிகின்றன. என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து கொடிகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். 14,800 என்பதை 1531இல் வரைந்தவர்கள் முறையில் எப்படி வரைந்திருப்பார்கள் என்று கேட்கிறாள்.

பழையதாள்

ஒரு பை வரையச் சொல்லுங்கள், 8,000. பக்கத்தில் 17 இறகு, ஒவ்வொன்றும் 400, அது 6,800. கொடி தேவைப்படாது.